சபைச் சண்டைக்குத் திங்கட்கிழமை விசாரணை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சபைத் தகராறுகள் நீதிமன்றப் படியேறும்போதெல்லாம், "இரு தரப்பும் தாழ்மையோடு பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம். யார் தாழ வேண்டும், எப்போது, எப்படி என்று யாரும் சொல்வதில்லை. ஆதித் திருச்சபை அதை எழுதியே வைத்திருக்கிறது.

கி.பி. 96ஐ ஒட்டி, கிரேக்க நகரமான கொரிந்தின் சபையில் குறையின்றி ஊழியம் செய்துவந்த மூப்பர்கள் (சபையை நடத்தும் பொறுப்பாளர்கள்) சிலரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். தூண்டிவிட்டவர்கள் ஓரிருவர்தான். செய்தி புறமதத்தார் காதுவரை போய்விட்டது. ரோமாபுரிச் சபை 65 அதிகாரம் கொண்ட ஒரு கடிதம் எழுதி, மூன்று பேரிடம் கொடுத்தனுப்பியது. எழுதியவர் அந்தச் சபையின் ஆயர் கிளமெந்து என்பது மரபு. ஆனால் கடிதத்துக்குள் அவர் பெயர் எங்கும் இல்லை. சபையின் பெயரில்தான் பேசுகிறது.

காயீன் தொடங்கிப் பொறாமை விளைவித்த கேடுகளை வரிசையாகக் காட்டிவிட்டு, 44ஆம் அதிகாரத்தில் அது வழக்குக்கு வருகிறது. சபையார் அனைவரின் சம்மதத்தோடு நியமிக்கப்பட்டு, பழுதில்லாமல் பணி செய்தவரை நீக்குவது நியாயமல்ல என்கிறது. 54ஆம் அதிகாரத்தில் ஒரு கேள்வி வருகிறது: உங்களில் பெருந்தன்மை உள்ளவர் யார்? கலகமும் பிரிவினையும் என்னால்தான் என்றால் நான் விலகிப் போகிறேன், மந்தை அதன் மூப்பர்களோடு சமாதானமாயிருக்கட்டும் என்று அவர் முன்வந்து சொல்லட்டும். அப்படிப் போகிறவரை எந்த இடமும் ஏற்றுக்கொள்ளும் என்ற உறுதியும் கூடவே இருக்கிறது.

இந்தக் கோரிக்கை யாரை நோக்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். இறக்கப்பட்ட மூப்பர்களிடம் "பொறுத்துப்போங்கள்" என்று கடிதம் சொல்லவில்லை. ஆட்களைத் திரட்டிக் காரியம் சாதித்தவர்களைத்தான் விலகச் சொல்கிறது. இன்று பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. அநியாயம் பட்டவருக்கே தாழ்மையைப் போதித்து வாயை அடைக்கிறோம். புண் உள்ளுக்குள் புரையோடி, சில ஆண்டுகளில் சபையே இரண்டாக உடைகிறது. கொரிந்தார் இந்தக் கண்டிப்பைத் தூக்கி எறியவில்லை. கி.பி. 170 வாக்கில் அவர்களுடைய ஆயர் தியொனீசியு எழுதியதிலிருந்து, அந்தக் கடிதம் அங்கே ஆராதனையில் தொடர்ந்து வாசிக்கப்பட்டது தெரிகிறது.

ஒருமனத்துக்கு ஒரு கெடுவும் இருந்தது. சகவிசுவாசியோடு பிணக்கு உள்ளவர், ஒப்புரவாகும்வரை கர்த்தருடைய நாளில் அப்பம் பிட்கக் கூடிவரக் கூடாது, அங்கே படைக்கும் பலி தீட்டுப்படும் என்கிறது ஆதிச் சபை ஒழுங்கு நூலான 'திதாக்கே'யின் 14ஆம் அதிகாரம். மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாவில் எழுந்த 'திதஸ்காலியா' என்ற சபை ஒழுங்கு நூல் இன்னும் நுணுக்கமாகப் போகிறது. வழக்கைத் திங்கட்கிழமை விசாரிக்க வேண்டும். யாராவது தீர்ப்பை ஏற்க மறுத்தால், ஓய்வுநாளான சனிக்கிழமைக்குள் பேசி முடிக்க அவகாசம் இருக்கும். ஞாயிறன்று இருவரும் சமாதானத்தோடு நிற்கலாம். ஆயரோடு மூப்பர்களும் உதவிக்காரர்களும் (டீக்கன்கள்) உட்கார வேண்டும். வாதி, பிரதிவாதி இருவரும் நேரில் நிற்க வேண்டும். ஒருவர் இல்லாதபோது மற்றவர் சொல்வதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. குற்றஞ்சாட்டுகிறவரின் நடத்தையையும் விசாரிக்க வேண்டும். ஆராதனையிலும், "யாருக்காவது யார்மேலாவது மனத்தாங்கல் உண்டா?" என்று உதவிக்காரர் உரக்கக் கேட்பார். வேண்டியவர்கள் மட்டும் ஆயர் வீட்டுக்குப் போய்க் காதைக் கடிக்கும் பழக்கத்துக்கு அங்கே இடமே இல்லை.

பரிசுத்தம் என்று சொல்லித் தவறியவரை அடியோடு வெட்டியெறியவும் இல்லை. பிலிப்பி சபையில் வாலன்ஸ் என்ற மூப்பரும் அவர் மனைவியும் பண ஆசையில் விழுந்தார்கள். சிமிர்னா நகர ஆயர் பொலிகார்ப்பு, பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் அதை மூடி மறைக்காமல் பெயர் சொல்லியே வருந்துகிறார். ஆனாலும், அவர்களைப் பகைவர்களாக எண்ணாதீர்கள், வழி தவறிய அவயவங்களாக எண்ணித் திரும்ப அழையுங்கள் என்கிறார்.

பாலியல் கொடுமை, பணக் கையாடல் போன்ற குற்றங்களைச் சபைக்குள் பேசி மறைக்க இவற்றைச் சாக்காக்கக் கூடாது. அவை காவல்துறைக்கே போக வேண்டும். நான் சொல்வது பதவி, மரியாதை, தேர்தல் பிணக்குகளைப் பற்றி. அவற்றுக்குத் திங்கட்கிழமை விசாரணையை எந்தச் சபையும் வருகிற வாரமே தொடங்கலாம். சபை விதிகளைத் திருத்தக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயரும் மூப்பர்களும் அன்று மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
திருச்சபை வரலாறு பயிலும் வாசகர்