விலை தெரிகிறது, விற்கும் நாள்தான் என் கையில் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சின்ன வெங்காய விலை முன்னறிவிப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். திண்டுக்கல் சந்தையில் பல வருடங்களாக விற்ற விலைகளை வைத்துக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் கணக்குப் போடுகிறார்கள். அறுவடை சமயத்தில் கிலோ இவ்வளவு முதல் இவ்வளவு வரை இருக்கும், அதற்கேற்ப விதைப்பு முடிவை எடுங்கள் என்கிறார்கள். நல்ல காரியம்தான். வருடா வருடம் அந்தச் செய்தியைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைப்பவள் நான். ஆனால் அதைப் படித்துவிட்டு முடிவெடுக்கிற இடத்தில் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

செட்டிகுளம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர், கிணற்றுப் பாசனம். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை செய்கிறார். என்ன பயிர், எப்போது விற்பது எல்லாம் பதினாறு வருடமாக என் பொறுப்பு. போன வருடம் ஆராய்ச்சி மாணவி ஒருவர் கேள்வித்தாளோடு வந்தார். முதல் கேள்வியே, "குடும்பத் தலைவர் இல்லீங்களா?" நான்தான் என்றதும் பாவம், கொஞ்சம் தடுமாறிவிட்டார். பயிரைத் தேர்வு செய்யக் காரணம் என்ன என்ற இடத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன. நான் 'போன பருவத்து விலை'யில் டிக் போட்டேன். எல்லாரும் அதைத்தான் போடுகிறார்களாம்.

காபி குடித்துக்கொண்டே அந்தப் பெண் 'சிலந்தி வலை' என்று ஒரு கோட்பாட்டைச் சொன்னார். 1938இல் எசக்கியேல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் விரிவாக எழுதியதாம். விலை ஏறினால் எல்லாரும் அதையே போடுவார்கள், அறுக்கும்போது விலை விழும். அடுத்த முறை யாரும் போட மாட்டார்கள், விலை மறுபடி ஏறும். படமாக வரைந்தால் சிலந்தி வலை மாதிரி சுற்றிச் சுற்றி வரும். இது என் மாமியாருக்கே தெரியும், படம்தான் வரையத் தெரியாது.

ஆனால் வெங்காயத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. எங்களுக்கு விளைச்சலும் விதையும் ஒன்றுதான். ஏக்கருக்கு 600 கிலோ விதை வெங்காயம் ஊன்றுகிறேன். கிலோ 20 ரூபாய் என்றால் 12,000. விலை 60க்கு ஏறிவிட்டால் விதைக்கே 36,000 வேண்டும். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? மண்டிக்காரரிடம்தான். அவர் முன்பணம் தருவார், வட்டி என்று வாய்விட்டுக் கேட்க மாட்டார். அறுத்த சரக்கு அவருக்கே போக வேண்டும், அவர் டெம்போ அனுப்பும் நாளில் போக வேண்டும். கிலோவுக்கு இரண்டு, மூன்று ரூபாய் குறைத்துத்தான் எழுதுவார். விதை போட்ட அன்றே விற்பனையும் முடிந்துவிடுகிறது. கேள்வித்தாளில் இதற்குக் கட்டம் இல்லை.

கேரளத்து மீனவர் கதையையும் அந்த மாணவிதான் சொன்னார். 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரைக்குச் செல்போன் வந்தபோது ராபர்ட் ஜென்சன் என்பவர் ஆராய்ந்திருக்கிறார். படகில் இருந்தபடியே எந்தக் கரையில் மத்திக்கு நல்ல விலை என்று கேட்டு அங்கே போனார்கள். மீனவருக்கு லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர்களுக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. சரி, மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களை வைத்து விவசாயிகளுக்கு விலை நிலவரத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்த்தார்களே, 2012இல் வெளிவந்த ஆய்வு, அதில் என்ன ஆனது? விவசாயிக்குக் கிடைத்த விலையில் சொல்லும்படி மாற்றமே இல்லை. அங்கே என்ன காரணமோ, என் கதையில் காரணம் எனக்குத் தெரியும். படகைத் திருப்பலாம். முன்பணம் கொடுத்தவரின் டெம்போவைத் திருப்ப முடியுமா?

ஒரு தை மாதம் 24 ரூபாய்க்குக் கொடுத்தேன். வெங்காயத்தைச் சேமிக்கப் பட்டறை போட்டு மூன்று மாதம் வைத்திருந்தால், நூறு கிலோ எழுபத்தைந்தாகச் சுண்டியிருக்கும். பங்குனி கடைசியில் விலை 45. சுண்டியது போகவும் லாபம்தான். பட்டறை போட மூங்கிலும் கீற்றும் வீட்டிலேயே கிடந்தன. கடன் மட்டும் காத்திருக்கவில்லை.

மஞ்சள், மக்காச்சோளம் என்றால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். வெங்காயத்தைக் கிடங்கில் மூட்டை கட்டி அடுக்கினால் அழுகிவிடும், அது காற்று புகும் பட்டறையில் வயலோரம்தான் இருந்தாக வேண்டும். அந்தப் பட்டறையையே ஈடாக வைத்துக் கடன் கொடுக்க ஒரு வழி கண்டுபிடித்தால், முன்னறிவிப்புக்கும் மதிப்பு வரும்.

இந்த வருடம் ஓர் ஏக்கரில் மக்காச்சோளம் போட்டேன். அதற்கும் விலை காரணம் இல்லை. வெங்காயம் ஊன்றவும் தாள் அறுக்கவும் ஆள் கிடைக்கவில்லை, போதாததற்கு வெங்காயத்துக்கு வரும் கோழிக்கால் நோய் வேறு.

இன்னொன்றும் கேட்கிறேன். புது முன்னறிவிப்பை வெளியிடும்போது, போன முறை சொன்னது என்ன, நடந்தது என்ன என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். தவறினால் குறை சொல்ல அல்ல. 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள், 2024 மே மாதம்தான் எடுத்தார்கள். டெல்லியில் ராத்திரி போடுகிற ஆணை பழைய விலைப் பட்டியலில் எப்படித் தெரியும்? எதை நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்பது தெரிந்தால் போதும்.

ஆய்வு முடிந்ததும் ஒரு பிரதி அனுப்புவதாக அந்த மாணவி சொல்லியிருக்கிறார். அடுத்த கேள்வித்தாளில், 'விதைக்கு யாரிடம் பணம் வாங்கினீர்கள், எப்போது கட்ட வேண்டும்' என்று ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னேன். ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

கடிதத்தை வெளியிட்டால் தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் மண்டிக்காரரும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்.

இப்படிக்கு,
ஒரு வெங்காய விவசாயி,
பெரம்பலூர் மாவட்டம்.