புல்பென்னுக்குப் போன பிள்ளைக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பேஸ்பால் ஆட்டத்தை ஆரம்பித்து எறிகிற ஸ்டார்ட்டர் வரிசையிலிருந்து கோச் உன்னை எடுத்து, நடுவில் இறங்கி எறிகிறவர்கள் காத்திருக்கும் புல்பென்னில் உட்கார வைத்துவிட்டார் என்று நேற்று போனில் சொன்னாய். குரலே சரியில்லை. நேரில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி.

நீ பார்த்தது நியூயார்க் யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவேராவை, அதுவும் அவருடைய கடைசிக் காலத்தில். அப்போது அவர் மைதானத்துக்குள் வந்தாலே ஆட்டம் முடிந்தது என்று எழுந்துபோகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் அவரும் ஸ்டார்ட்டராக வந்தவர்தான். பனாமாவில் புவெர்ட்டோ கைமிட்டோ என்கிற மீனவ ஊர். அப்பாவின் மீன்பிடிப் படகிலேயே வேலை பார்த்தவர். 1990இல் சில ஆயிரம் டாலருக்கு யாங்கீஸ் அவரை எடுத்தது. 1992இல் முழங்கையில் அறுவை சிகிச்சை. அந்த வருஷம் லீகில் புதிதாக இரண்டு அணிகள் சேர்ந்து மற்ற அணிகளிலிருந்து ஆள் எடுத்தபோது, விட்டுக்கொடுக்கக் கூடாதவர்கள் பட்டியலில் யாங்கீஸ் இவரைச் சேர்க்கவே இல்லை. எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டும், அந்த இரண்டு அணிகளும் இவரை எடுக்கவில்லை. 1995 மே மாதம் முதல் ஆட்டம், ஸ்டார்ட்டராக. நாலாவது இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை. அந்த வருஷம் பத்து ஆட்டம் ஸ்டார்ட் செய்தார். அப்புறம் 2013இல் ஓய்வு பெறும் வரை ஒரு தடவை கூட இல்லை.

1996இல் அவர் ஆட்டத்தை முடித்துவைக்கிற க்ளோசர் கூட இல்லை. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் ஜான் வெட்டலாண்டுக்கு. இவருக்கு ஏழாவதும் எட்டாவதும்தான். ஆனாலும் அந்த வருஷம் சிறந்த பந்து எறிபவருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தார். புல்பென்னுக்குப் போனால் யார் கண்ணிலும் படமாட்டேன் என்றாயே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கோச் செய்தது உன்னைக் கீழே தள்ளும் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. நீ எறிவதை ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்த்தவள் நான். முதல் சுற்றில் உன் ஃபாஸ்ட்பாலை யாராலும் தொட முடிவதில்லை. அதே ஆள் மூன்றாவது தடவை பேட்டோடு வரும்போது உன்னிடம் புதிதாகக் காட்ட ஒன்றுமில்லை. ஸ்டார்ட்டருக்கு மூன்று நாலு வகைப் பந்து வேண்டும். புல்பென்னிலிருந்து வருகிற ரிலீஃப் பிட்ச்சர் ஒரு ஆளை ஒரு தடவைதான் பார்க்கிறான், அவனுக்கு ஒன்றிரண்டு போதும். ரிவேரா கிட்டத்தட்ட ஒரே பந்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார். கட்டர் என்கிற அந்தப் பந்தைக்கூட அவர் தேடிப் போனதில்லை. 1997இல் அணித் தோழர் ரமீரோ மெண்டோசாவோடு சும்மா எறிந்து பழகும்போது பந்து தானாகவே கடைசி நேரத்தில் விலகியது. அதை நேராக்கத்தான் முதலில் பாடுபட்டார். நேராகவில்லை. சரி என்று அதையே எறிய ஆரம்பித்தார், இடது கை ஆட்டக்காரர்களின் பேட்டுகள் உடைந்தன.

அப்பா இதைப் பாட்டிக்குக் கடைசி ஓவர் போடுகிறவன் மாதிரி என்று சொல்லி வைத்திருக்கிறார். பாதிதான் சரி. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் போடுகிறவன் அதற்கு முன்னாலும் போட்டிருப்பான், களத்திலேயே நின்றிருப்பான். நீ மூன்று மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்து, போன் அடித்ததும் எழுந்து, சில நிமிஷத்தில் கையைச் சூடாக்கிக்கொண்டு ஓட வேண்டும். எழுந்து சூடாக்கி, வேண்டாம் என்று திரும்ப உட்கார வைக்கிற நாளும் வரும். அந்தப் பந்துகள் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது, கைக்கு மட்டும்தான் தெரியும். இன்னொருத்தன் பேஸில் விட்டுவிட்டுப் போன எதிரணி ஆட்களோடு நீ ஆரம்பிப்பாய். அவர்கள் ஓடி வந்தால் ரன் அவன் கணக்கில் ஏறும், உன் சராசரி சுத்தமாக இருக்கும். அந்தச் சுத்தத்தை நீ பெருமையாக நினைக்கக் கூடாது. அதை மட்டும் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன்.

தோற்கிற நாளும் உன் பேரில்தான் இருக்கும். 2001 நவம்பர் 4, அரிசோனா, சாம்பியனை முடிவு செய்கிற வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 2-1 என்று முன்னால். எதிரணி ஆள் மெல்லத் தட்டிவிட்ட ஒரு பண்ட்டை ரிவேரா எடுத்து இரண்டாவது பேஸுக்குத் தப்பாக எறிந்தார். ஸ்கோர் சமமானது. கடைசியில் அரிசோனாவின் லூயிஸ் கொன்சாலஸ் அடித்த பந்து வேகமே இல்லாமல் யாங்கீஸின் ஜீட்டர் தலைக்கு மேலே போய் விழுந்தது, கோப்பை போனது. ஜெயித்திருந்தால் நியூயார்க்கில் ஊர்வலம் நடந்திருக்கும். தோற்றதால் என்ரிக்கே வில்சன் என்கிற அணித் தோழர் சீக்கிரமே ஊருக்குப் போய்விட்டார். அவர் முதலில் டிக்கெட் எடுத்திருந்த விமானம்தான் நவம்பர் 12 அன்று குவீன்ஸில் விழுந்தது. நண்பன் உயிரோடு இருக்கிறானே, தோற்றதே நல்லது என்று ரிவேரா பிற்பாடு சொன்னார். எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. அன்றைக்குச் செத்த 265 பேருக்கும் வீடு இருந்தது.

எனக்குப் பிடித்தது வேறு. 2004இல் பாஸ்டன் அணி அவரிடமிருந்து இரண்டு ஆட்டங்களைப் பிடுங்கித்தான் யாங்கீஸுக்கு எதிரான சீரிஸை ஜெயித்தது. அடுத்த ஏப்ரலில் பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில் அவர் பேரை வாசித்ததும் அந்த ஊர்க்காரர்கள் கிண்டலாகக் கைதட்டினார்கள். அவர் சிரித்தார், தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் எட்டு வருஷம் அதே வேலையைப் பார்த்தார். முன்னிலையைக் காப்பாற்றி முடித்த ஆட்டங்கள், அதாவது சேவ், மொத்தம் 652. 2019இல் பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேம் தேர்வில் ஓட்டுச்சீட்டு 425லும் அவர் பேர் இருந்தது. அதற்கு முன்னால் யாருக்கும் அப்படி நடந்ததில்லை.

நீ ரிவேரா ஆவாய் என்று சொல்லவில்லை. பெரும்பாலான ரிலீஃப் பிட்ச்சர்களுக்கு வாய்ப்பது பெட்டியும் கையுமாக மேலே மேஜர் லீகுக்கும் கீழே மைனர் லீகுக்கும் அலைகிற வாழ்க்கை. ஒரு சீசனில் ஒருத்தரை அப்படிக் கீழே அனுப்பக்கூடியது ஐந்து தடவைதான் என்று 2022இல்தான் வரம்பு வைத்தார்கள். அதனால் படிப்பை முடி. அதில் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் புல்பென்னுக்கு மனசோடு போ. டென்னிஸ் எக்கர்ஸ்லி 1977இல் எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் நோ-ஹிட்டர் எறிந்த ஸ்டார்ட்டர். 1987இல் ஓக்லண்ட் அவரை புல்பென்னுக்கு மாற்றியது. அடுத்த வருஷமே வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டத்தில் எதிரணியின் கிர்க் கிப்சனிடம் ஆட்டத்தையே தோற்கவைத்த ஹோம் ரன்னை வாங்கினார். அதே புல்பென்னிலிருந்துதான் 1992இல் சை யங், சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது இரண்டும் வந்தன.

இன்னொன்று. தொடர்ந்து மூன்று நாள் எறியச் சொன்னால், முழங்கையின் உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று ட்ரெய்னரிடம் அன்றைக்கே உண்மையைச் சொல்லு. இடம் போய்விடும் என்று வலியை மறைக்காதே. வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு நானும் அப்பாவும் வருகிறோம். உன்னை இறக்கினாலும் இறக்காவிட்டாலும் கடைசி வரை இருப்போம். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் புல்பென் தெரியும் என்று எழுது.

அன்புடன்,
அம்மா