முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பல்கலைக்கழகப் பணிச்சூழலியல் ஆய்வகம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தோளில் வயர் ஒட்டித் தசை எவ்வளவு இறுகுகிறது என்று அளக்கிறார்களாம், உடம்பெல்லாம் புள்ளி ஒட்டி கேமராவில் அசைவைப் பிடிக்கிறார்களாம். சரி, நல்ல விஷயம்தான். ஆனால் கடைசியில், தொழிலாளர்கள் முதுகை நிமிர்த்தி உட்காரப் பழக வேண்டும் என்று ஒரு வரி போட்டீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆளுக்குத் தகுந்தபடி வேலையை மாற்றுவதுதான் அந்தப் படிப்பே என்று மேல் பாதியில் எழுதியதும் நீங்கள்தானே?

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். சாய்மானம் இல்லாத ஸ்டூலில் ஒன்றரை ஷிப்ட். ஊசியைப் பார்க்கக் குனியாமல் தைக்கிற வித்தை இருந்தால் அந்தப் பேராசிரியர் வந்து காட்டட்டும். மிஷின் ஸ்டாண்டின் காலிலேயே ஏற்றி இறக்க போல்ட் இருக்கிறது, ஆனால் குட்டையான பெண்ணுக்கும் நெட்டையான ஆளுக்கும் லைன் முழுக்க ஒரே உயரம்தான். நம் ஊர் ஆட்களின் உடலளவுகளை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997லேயே வெளியிட்டுவிட்டது. அது எங்கள் லைன் வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

செக்கிங் பெண்கள் பாடு இன்னும் மோசம், நாள் முழுக்க நிற்கிறார்கள். நின்று வேலை செய்கிறவர்கள் உட்கார வசதி வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவே சொன்னது ஆசிரியருக்குத் தெரியாததல்ல. 2021ல் கடைப் பணியாளர்களுக்கும் இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோது பெரிய எழுத்தில் போட்டீர்கள். அப்புறம் ஒரு கடைக்காவது போய்ப் பார்த்தீர்களா? என் தங்கை வேலை செய்யும் ஜவுளிக்கடையில் ஸ்டூல் இருக்கிறது, அதில் துணி பண்டல்தான் உட்கார்ந்திருக்கிறது.

கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட் என்று எங்களிடமும் வந்தார்கள். எங்கெங்கே வலி என்று ஒரு மனித உருவப் படத்தில் டிக் போடச் சொன்னார்கள், போட்டோம். போனவர்கள் போனவர்கள்தான், என்ன கண்டுபிடித்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எத்தனை அடி உயர ஆளுக்கு மேஜை எத்தனை இஞ்ச், ஸ்டூல் எத்தனை இஞ்ச் என்று அந்த ஆய்வகத்தில் கேட்டு, தமிழில் ஒரு சின்னக் கட்டமாகப் போடுங்கள். வெட்டி எடுத்து எங்கள் மெக்கானிக்கிடம் காட்டிக்கொள்கிறோம். என் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

ஒரு டெய்லர்,
திருப்பூர்.