அரிக்கமேட்டில் ஓடத் தனித் தடம் வேண்டும்

ஐயா,

ஞாயிறுதோறும் விடியற்காலையில் புதுச்சேரி அருகே அரியாங்குப்பம் ஆற்றோரம், பழங்காலத் துறைமுகம் இருந்த அரிக்கமேட்டில் ஓடுபவன் நான். மாந்தோப்பு நிழல், காலுக்கு இதமான மண், ஆற்றுக்காற்று. தார்ச்சாலையில் ஓடி முழங்கால் நொந்தவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் மேட்டின் மேலேயே குறுக்கே ஏறி இறங்குகிறோம். போன மழைக்குப் பிறகு அந்தச் சரிவில் மண் அரித்து, ஷூ தடத்துக்குள் சிவப்புப் பானை ஓடுகள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே மிளகளவில் ஒரு நீல மணி. உடன் ஓடியவர் எடுத்துப் பையில் போடப் போனார். எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதும் அங்கேயே வைத்துவிட்டார்.

1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, ரோமானிய மதுச்சாடித் துண்டுகளைக் கண்டெடுத்த மண் இது. ஓர் ஓடு இடம் மாறினாலே அது எந்தக் காலத்து அடுக்கைச் சேர்ந்தது என்பது தெரியாமல் போய்விடும். அப்புறம், அங்கே நிற்கும் 18-ஆம் நூற்றாண்டுச் செங்கல் சுவர்களில் கால் வைத்துத் தசை நீட்டுவதையும் நாம் விட வேண்டும்.

ஓடுவதைத் தடுக்க வேண்டாம். மேட்டைச் சுற்றி ஒரு தடம் குறித்துத் தமிழில் அறிவிப்புப் பலகை வைத்தால் போதும். கம்பம் நடக் குழி தோண்டாமல், மரங்களிலேயே கயிறும் அம்புக்குறியும் கட்டலாம்.

ஒரு வாசகர்,
அரியாங்குப்பம்