பயிலரங்கத்துக்குப் பட்டறையின் ஆர்டர் நோட்டும் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக லேத் பட்டறை நடத்திவரும் நான், அண்மையில் இப்பகுதிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் திட்டமிடல், வேலை வரிசைப்படுத்தல் ஆகியவற்றுக்கான அல்காரிதங்கள் (படிப்படியான கணக்கு முறைகள்) குறித்து நடைபெற்ற இரண்டு நாள் பயிலரங்கத்தில் பார்வையாளராகக் கலந்துகொண்டேன். அங்கே கேட்டவை எனக்குப் பெரிதும் பயன்பட்டன. அந்த உரிமையில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இரண்டு இயந்திரங்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டிய வேலைகளை எந்த வரிசையில் எடுத்தால் எல்லாம் விரைவில் முடியும் என்பதற்கு அமெரிக்கக் கணிதவியலாளர் எஸ். எம். ஜான்சன் 1954-இல் ஓர் எளிய விதியை வெளியிட்டார். எல்லா வேலைகளின் நேரங்களிலும் மிகச் சிறியதைத் தேட வேண்டும். அது முதல் இயந்திரத்துக்குரிய நேரமானால் அந்த வேலையை வரிசையின் தொடக்கத்திலும், இரண்டாம் இயந்திரத்துக்குரியதானால் கடைசியிலும் வைத்துவிட்டு, மீதிக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். அன்றிரவே ஆர்டர் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். முதலில் வந்த வேலைக்கு லேத்தில் 5 மணி நேரம், கிரைண்டிங்கில் 2. அடுத்ததற்கு 4, 3. கடைசியாக வந்ததற்கு 1, 6. வந்த வரிசையிலேயே செய்தால் எல்லாம் முடிய 18 மணி நேரம் ஆகிறது. கடைசியாக வந்ததை முதலில் ஏற்றி, முதலில் வந்ததைக் கடைசிக்குத் தள்ளினால் 12 மணி நேரமே போதும். ஆளும் அதே, இயந்திரமும் அதே. கிரைண்டிங் இயந்திரம் வேலைக்காகக் காத்துக் கிடந்த நேரம்தான் மிச்சமாயிற்று.

ஆனால், முதலில் வந்தவருக்கு ஏழாம் மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய பொருள் பன்னிரண்டாம் மணி நேரம்வரை தள்ளிப்போகிறது. அவருக்கு மாலையே டெலிவரி கொடுப்பதாக வாக்களித்திருந்தால் இந்த வரிசை உதவாது. கெடு தேதிகளைக் கணக்கில் கொள்ளும் முறைகளும் இத்துறையில் உண்டு என்று விரிவுரையாளர் விளக்கினார். எனினும், இரண்டு நாட்களிலும் எடுத்துக்காட்டப்பட்ட கணக்குகள் அனைத்தும் பாடநூல்களிலிருந்து வந்தவையே. அரைமணி நேரப் பயணத்தில் இத்தனை பட்டறைகள் இருந்தும் ஒரு பட்டறையின் கணக்குகூட அரங்குக்கு வரவில்லை என்பது என் வருத்தம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் வெளிர் நிறங்களை முதலிலும் அடர் நிறங்களைப் பிறகும் எடுப்பார்கள். கறுப்புக்குப் பின் வெள்ளைக்கு மாறினால் இயந்திரத்தைக் கழுவவே நேரமும் தண்ணீரும் ஏராளமாகச் செலவாகும். ஒரு வேலைக்கு ஆகும் நேரம் அதற்கு முந்தைய வேலையைப் பொறுத்து மாறும் இந்தச் சிக்கல் ஆய்வுக்கு எவ்வளவு உகந்தது!

பொதுவில் வைக்கப்படும் கணக்குகளே இத்துறையை வளர்த்திருக்கின்றன. 1963-இல் அச்சான, பத்து வேலைகளைப் பத்து இயந்திரங்களில் முடிக்கும் ஒரு கணக்குக்கு 930 அலகு நேரமே மிகக் குறைவானது என்று 1989-இல்தான் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கார்லியே, பின்சோன் இருவரும் நிறுவினார்கள். இடைப்பட்ட 26 ஆண்டுகளில் அந்த ஒரு கணக்கோடு மல்லுக்கட்டிப் பிறந்த உத்திகள் பல. 1998-இல் தொடங்கிய சர்வதேசத் திட்டமிடல் போட்டியும் எல்லோருக்கும் ஒரே கணக்குகளைக் கொடுத்தே மென்பொருள்களை ஒப்பிட்டுப் பார்க்கிறது.

ஆகவே இத்தகைய பயிலரங்கங்களை நடத்தும் பேராசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை ஓர் அமர்வையேனும் தமிழில் நடத்தி, பட்டறை மேற்பார்வையாளர்களையும் சாயப்பட்டறை மேலாளர்களையும் அழையுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் விலையையும் நீக்கிவிட்டு, ஒரு மாத ஆர்டர்களை அவர்களிடம் கேட்டு வாங்கி, மாணவர்கள் தீர்ப்பதற்குரிய கணக்குகளாக வெளியிடுங்கள். செட்டிங் மாற்ற ஆகும் நேரம், மின்தடை, விடுப்பில் போன ஃபிட்டர் எல்லாம் அதில் இருக்கட்டும். என் பட்டறையின் கடந்த ஆண்டு ஆர்டர் நோட்டுகளைத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
லேத் பட்டறை நடத்தும் வாசகர்,
கோயம்புத்தூர்.