புதைந்தது வேறு, சிதறியது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆளில்லா வானூர்தியில் பொருத்திய லேசர் கருவி மண்ணில் புதைந்த கண்ணிவெடிகளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட செய்திக்கு ஒரு திருத்தம் தேவை. லேசர் ஒளி மண்ணை ஊடுருவாது.

நில அளவைத் துறையில் 28 ஆண்டுகள் பணியாற்றியவன் நான். இங்கே சிங்கப்பூரில் சரிவுகளை அளக்க லைடார் கருவியைப் பறக்கவிட்டிருக்கிறோம்; லேசர் ஒளித்துடிப்புகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்பும் நேரத்தைக்கொண்டு தூரத்தை அளக்கும் கருவி அது. லாலான் புல் இடுப்பளவு வளர்ந்த இடத்தில் பெரும்பாலான ஒளித்துடிப்புகள் புல் நுனியிலேயே பட்டுத் திரும்பிவிடும். இடுக்கில் நுழைந்து தரையைத் தொட்டவற்றை மட்டும் பொறுக்கியெடுத்தால்தான் நிலமட்டம் தெரியும். அந்த வரைபடத்தில் புதர் மூடிய பதுங்குகுழியும் மண் அணையும் கோடுகளாகத் தெளிந்து வரும். உள்ளங்கையளவு மிதிவெடி வராது. ஆனால், காவலரண்களுக்கு முன்னால்தான் பெரும்பாலும் வெடிகளை வரிசையாகப் புதைப்பார்கள் என்பதால், தேடலை எங்கே தொடங்கலாம் என்பதை அந்தக் கோடுகள் சொல்லிவிடும். இந்தக் கருவியின் பெரும்பயன் அதுதான். செய்தியில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

1980களில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் வானிலிருந்து தூவிய 'வண்ணத்துப்பூச்சி' வெடிகளைப்போல, மேலாகக் கிடப்பவற்றை இலையோ மணலோ மூடும்வரை வானிலிருந்து அடையாளம் காண வாய்ப்புண்டு. புதைந்தவற்றுக்கும் ஒரு வழியை ஆய்வாளர்கள் முயன்றிருக்கிறார்கள்: ஒலியால் நிலத்தை அதிரச் செய்தால் வெடிக்கு மேலுள்ள மண் சுற்றியுள்ள மண்ணைப்போல் அதிராது, அந்த நுண்ணிய வேறுபாட்டை லேசர் அளக்கும். பறக்கும் ஊர்தி தானே அதிர்ந்துகொண்டிருப்பதுதான் இதில் பெரிய இடைஞ்சல்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. இலங்கையின் வடக்கே பளையில் காணி வைத்திருக்கும் என் அத்தை மகன் தங்கள் செய்தியைப் படித்துவிட்டு, "அப்ப இனி மேலால பறந்து பார்த்தாக் காணும்தானே?" என்று தொலைபேசியில் கேட்டார். 2019இல் அவரைப் பார்க்கப் போகும் வழியில், முகமாலையில் சிவப்பு எச்சரிக்கைப் பலகைகளுக்கு அப்பால், முகத்தடுப்பு அணிந்த பெண்கள் முழந்தாளிட்டு வாரியால் மண்ணை விரற்கடை விரற்கடையாக இழுத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். மண்வெட்டி பிடிக்கப் போகும் அவரிடம் 'காணும்', அதாவது போதும், என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

'புதைந்த' என்ற சொல்லை நீக்கி அச்செய்தியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையாளர்,
ஈசூன், சிங்கப்பூர்