மொழி வராத மூளை என்று ஒன்று உண்டா?

அன்பு நண்பருக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பின் ஜெர்மன் கற்கத் தொடங்கியிருப்பதையும், “என் மூளையின் அமைப்பே இதற்கு ஒத்துவராது போலிருக்கிறது” என்று நீங்கள் சலித்துக்கொண்டிருப்பதையும் படித்தேன். நீங்கள் சலிப்பில் சொன்னதைச் சிலர் மெய்யாகவே ஆராய்ந்திருக்கிறார்கள்.

உங்கள் கட்சிக்கு வலுச் சேர்ப்பவர் எமில் கிரெப்ஸ் (1867–1930). 60-க்கும் மேற்பட்ட மொழிகளில் தேர்ந்தவர் என்று சொல்லப்படும் இந்த ஜெர்மானியத் தூதரக அலுவலரின் மூளை, அவர் இறந்த பின் பாதுகாத்து வைக்கப்பட்டது. 2004-இல் மூளை ஆய்வாளர் காத்ரின் அமுன்ட்ஸ் குழுவினர், பேச்சுக்குத் துணைநிற்கும் அதன் ப்ரோக்கா பகுதியை வேறு 11 மூளைகளோடு ஒப்பிட்டபோது, அங்கே செல்கள் அமைந்திருந்த விதம் தனித்துத் தெரிந்தது. ஆனால் அது பிறவியிலேயே வாய்த்ததா, வாழ்நாள் முழுதும் மொழிகளில் ஊறியதால் வந்ததா என்பதை இறந்தவரின் மூளையைக் கொண்டு தீர்மானிக்க முடியாது.

ஓரளவு தெளிவு கிடைப்பது ஒலிகளைப் பற்றிய ஆய்வுகளில்தான். நாக்கு பல்லைத் தொட்டால் தகரம், உள்வளைந்து அண்ணத்தைத் தொட்டால் டகரம் என்பது நம் காதுக்கு எளிது; ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசி வளர்ந்தவர்களுக்கோ இரண்டையும் பிரித்தறிவதே பெரும்பாடு. இந்தியிலும் உள்ள இந்த வேறுபாட்டை அவர்களுக்குப் பயிற்றுவித்து, ஆய்வாளர் நார்லி கோலஸ்தானி குழுவினர் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். விரைவாகப் பிடித்துக்கொண்டவர்களுக்கு, ஒலியை முதலில் வாங்கிக்கொள்ளும் ஹெஷ்ல் மடிப்பில், குறிப்பாக இடப்பக்கத்தில், வெண்பொருள் (நரம்பிழைகளாலான பகுதி) கூடுதலாக இருந்தது. பேச்சொலிகளைக் கேட்டு நுட்பமாகக் குறிக்கும் ஒலியியலாளர்களைக் கோலஸ்தானி குழுவினர் 2011-இல் ஆராய்ந்தபோது, அந்த மடிப்பு பிளவுபட்டோ ஒன்றுக்கு மேற்பட்டதாகவோ இருப்பது மற்றவர்களைவிட அவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டது. கூடவே, பயிற்சி பெற்ற ஆண்டுகள் கூடக்கூட ப்ரோக்கா பகுதியின் ஒரு கூறும் பெரிதாக இருந்தது. மடிப்பின் வடிவம் பெரும்பாலும் கருவிலேயே அமைந்துவிடுவது என்பதால், முன்னதைப் பிறவிக் கொடை என்றும் பின்னதை உழைப்பின் ஈட்டம் என்றும் கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

என்னை இன்னும் யோசிக்க வைத்தது 2012-இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு. ராணுவ மொழிபெயர்ப்பாளர் பயிற்சியில் புதிய மொழியொன்றை அசுர வேகத்தில் படித்த இளைஞர்களுக்கு, மூன்றே மாதங்களில் நினைவுக்குத் துணைநிற்கும் ஹிப்போகேம்பஸ் பெரிதாகி, மூளையின் மேலடுக்கான புறணியின் சில இடங்களும் தடித்திருந்தன. வேறு பாடங்களைக் கடுமையாகப் படித்த மாணவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. நன்றாகத் தேறியவர்களுக்கு வலப்பக்க ஹிப்போகேம்பஸ் அதிகம் வளர்ந்திருக்க, திணறிப் படித்தவர்களுக்கோ நெற்றிப் பக்கத்து நடுமடிப்பு அதிகம் தடித்திருந்தது. ஆகவே, மூளையில் ஓரிடம் பருத்திருப்பதைக் கண்டதும் அதைத் திறமை என்று முடிவுகட்டிவிட முடியாது. அது பட்ட பாட்டின் தடமாகவும் இருக்கலாம். (அவர்கள் இளைஞர்கள், நம் வயதுக்காரர்களுக்கும் அவ்வளவு விரைவில் நடக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை.)

இவையெல்லாம் சிறு குழுக்களின் சராசரிகள். ஒரு தனி மனிதரின் படத்தைப் பார்த்து, அவருக்கு ஜெர்மன் வருமா வராதா என்று சொல்ல அவை போதா. மேலும், ஒலியைப் பிரித்தறிவதும் சொற்களை நினைவில் இருத்துவதும் மூளையின் ஒரே இடத்து வேலைகள் அல்ல என்பதால், ஒன்றில் பின்தங்குபவர் மற்றொன்றில் முந்தலாம். உங்களைத் தடுமாற வைப்பது உயிரொலிகளா, சொற்களின் பால் வேறுபாடா, வினைச்சொல் வாக்கியக் கடைசிக்குப் போய்விடுவதா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். கடைசியது என்றால் நான் நம்பமாட்டேன். தமிழில் அது நமக்குப் பழகிய இடம்தானே.

அன்புடன்,
உங்கள் நண்பன்